சுவர் எழுதிய சரித்திரம் – 7: கல்லக்குடிப் பலகை

சென்ற வாரம் பிலடெல்பியாவில் விட்டோம். டேரில் மெக்ரே என்ற கறுப்பினச் சிறுவன். சீர்திருத்தப் பள்ளியில் இருந்தபோது சமையல்காரரிடம் ஓயாமல் சோள ரொட்டி கேட்டு நச்சரித்ததால் ‘கார்ன்பிரெட்’ என்று அவனுக்குப் பட்டப்பெயர் விழுந்தது. வெளியே வந்தவன் 1967-ல், தனக்குப் பிடித்த சிந்தியா என்ற பெண்ணின் கண்ணில் படவேண்டும் என்று அவள் போகிற வருகிற தெருவெல்லாம் அந்தப் பெயரை எழுதித் தள்ளினான். 1971-ல் அவன் சுட்டுக் கொல்லப்பட்டதாகத் தவறான செய்தி வந்தது. மிருகக்காட்சிச் சாலைக்குள் புகுந்து, யானையின் மேலேயே ‘கார்ன்பிரெட் உயிரோடு இருக்கிறான்’ என்று எழுதி மறுப்பு வெளியிட்டான். அதே ஆண்டு ஜூலை 21 அன்று நியூயார்க் டைம்ஸ் ‘டாக்கி 183’ என்ற இன்னொரு பையனைப் பற்றி எழுதியது. 183-வது தெருக்காரன், கடிதம், பார்சல் கொண்டு கொடுக்கும் வேலை, போகிற இடமெல்லாம் பெயரையும் தெரு எண்ணையும் எழுதிவிட்டுப் போவான். சுவரில் பெயர் எழுதும் கலைக்கு இவர்கள்தான் முன்னோடிகள் என்று உலகம் சொல்கிறது.

சொல்லட்டும். கார்ன்பிரெட் சிந்தியாவுக்காக எழுதத் தொடங்குவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே, திருச்சியிலிருந்து அரியலூர் போகும் ரயில் பாதையில், பட்டப்பகலில், போலீஸ்காரர்கள் சுற்றி நிற்க, ஒரு நிலையத்தின் பெயர்ப் பலகையில் வேறொரு பெயர் ஏறியது. அந்தப் பெயர் ஏற்றியவருடையது அல்ல, ஓர் ஊருடையது.

1953 ஜூலை 15. டால்மியாபுரம் ரயில் நிலையம்.

அந்த நாளுக்கு வருமுன் ஓராண்டு பின்னால் போகவேண்டும். ஏனென்றால் தமிழ்நாட்டுச் சுவர் எழுத்தின் அரிச்சுவடி, எழுதுவதில் ஆரம்பிக்கவில்லை, அழிப்பதில் ஆரம்பித்தது.

1952 ஆகஸ்ட் 1 அன்று ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் உள்ள இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழிக்கவேண்டும் என்று பெரியார் அறிவித்தார். மூன்று மொழியில் எழுதிய பலகையில் இந்தி மட்டும் போகவேண்டும். தமிழும் ஆங்கிலமும் அப்படியே இருக்கவேண்டும். ராத்திரி ஒளிந்து செய்கிற காரியம் இல்லை. தேதி குறித்து, பத்திரிகையில் போட்டு, ஊரறியச் செய்யவேண்டியது. பிடித்தால் சிறைக்குப் போகத் தயாராகவே வரவேண்டும். திராவிடர் கழகமும் அதிலிருந்து பிரிந்து மூன்றே வயதாகியிருந்த தி.மு.க.வும் ஆளுக்கொரு தார் டப்பாவோடு ஒரே வேலைக்கு இறங்கின. இரண்டு கழகங்களும் மேடையில் ஒன்றையொன்று வசைபாடிக்கொண்டிருந்த காலம் அது.

தார் என்பதைச் சும்மா விட்டுவிடக் கூடாது. அமெரிக்கப் பையன்களுக்கு அமுக்கினால் பீச்சும் பெயின்ட் டப்பா கிடைத்தது. தடிமனான மார்க்கர் பேனா கிடைத்தது. இங்கே தகர டப்பாவில் காய்ச்சிய தார், அது இறுகிவிடாமல் இருக்கக் கொஞ்சம் மண்ணெண்ணெய், குச்சியில் சுற்றிய கந்தல் துணி. இவ்வளவுதான் சரக்கு. தாரில் நுணுக்கமான எழுத்து வராது. ஆடி மாத வெயிலில் ஒழுகும். கையிலும் வேட்டியிலும் ஒட்டினால் போகாது. ஆனால் அழிப்பதற்கு அதைப் போல ஒன்று இல்லை. சுண்ணாம்பை ஈரத்துணியால் துடைக்கலாம், தாளைக் கிழிக்கலாம். தாரைச் சுரண்டத்தான் வேண்டும். ரயில்வேக்காரர்கள் சுரண்டி, மேலே பெயின்ட் அடித்து, இந்தி எழுத்தைத் திரும்ப எழுதினார்கள். கழகத்தார் திரும்ப அழித்தார்கள்.

அழித்த இடம் காலியாகவே இருந்தது என்பதுதான் 1952-ன் குறை. அந்த இடத்தில் எதையாவது எழுதவேண்டும் என்று தோன்றியது அடுத்த வருடம்.

கல்லக்குடி என்ற கிராமம் லால்குடி, புள்ளம்பாடி தாண்டி இருக்கிறது. அங்கிருந்து அரியலூர் எட்டும் தூரம். இன்று அதற்கு அப்பால் அரியலூர், பெரம்பலூர் என்று இரண்டு மாவட்டங்களாக நிற்கும் பகுதி முழுவதும் அன்று திருச்சி மாவட்டத்துக்குள் அடக்கம். 1995-ல்தான் பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அரியலூர் 2001-ல் பிரிந்து, அடுத்த வருடமே பெரம்பலூரோடு திரும்பச் சேர்ந்து, 2007-ல் மறுபடி பிரிந்தது. மாவட்டத் தலைநகர்ப் பெயரை இத்தனை முறை மாற்றி எழுதிய பெயின்டர்கள் வேறெங்கும் இருப்பார்களா என்பது சந்தேகம்.

இந்த மண்ணுக்கு அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கடல் இருக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமாகக் கிடப்பதும் அந்தக் கடற்காலம்தான். காரை, குளக்காநத்தம் ஓடைகளில் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடப்பதும் அதுதான். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத் தேடி 1939-ல் டால்மியா சிமென்ட் ஆலை வந்தது. ஆலை வந்ததும் குடியிருப்பு வந்தது, ரயில் நிலையத்துக்கும் முதலாளியின் பெயர் வந்தது. டால்மியாபுரம். அப்போது இது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. பீகாரில் இதே குடும்பத்தின் பெயரில் டால்மியாநகர் இருந்தது. டாடாவின் பெயரில் ஜாம்ஷெட்பூர் இருந்தது. ஆலை வைத்தவன் ஊருக்குப் பெயர் வைப்பது அந்தக் காலத்து வழக்கம்.

தி.மு.க.வுக்கு அது விஷயமாகப் பட்டது. வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது என்று மேடைதோறும் முழங்கிக்கொண்டிருந்த கட்சிக்கு, அந்த வாதத்தை ஒற்றைச் சொல்லில் காட்டுகிற பலகை கிடைத்தால் விடுமா? 1953 ஜூலையில் மும்முனைப் போராட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரு முனை, ராஜாஜியின் குலக்கல்வித் திட்டத்துக்கு எதிராகச் சென்னையில். இன்னொரு முனை, கழகத்தின் போராட்டங்களை ‘நான்சென்ஸ்’ என்று சொன்ன நேருவுக்கு எதிராக ரயில் மறியல். மூன்றாவது முனை, டால்மியாபுரத்தின் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றுவது. அந்த மூன்றாவது முனைக்குத் தளபதியாகக் குறிக்கப்பட்டவருக்கு வயது 29. பெயர் மு.கருணாநிதி.

அரசியல்வாதியாக, முதலமைச்சராக, வசனகர்த்தாவாக அவரைப் பற்றி ஆயிரம் புத்தகங்கள் உண்டு. இந்தத் தொடருக்கு வேண்டியது வேறு கருணாநிதி: பார்வையில் படுகிற எழுத்தின் மேல் சின்ன வயதிலிருந்தே பித்துப் பிடித்தவர். 1938-ல், பதினான்கு வயதில், இந்தி எதிர்ப்புக் கொடி பிடித்துத் திருவாரூர்த் தெருக்களில் ஊர்வலம் போனார். அதற்குப் பின் ‘மாணவ நேசன்’ என்று கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். ஒவ்வொரு பிரதியையும் கையால் எழுதவேண்டும். 1942 ஆகஸ்ட் 10 அன்று ‘முரசொலி’யைத் துண்டு வெளியீடாகக் கொண்டுவந்தபோது அதில் தன் பெயரைப் போடவில்லை. ‘சேரன்’ என்று போட்டார். புனைபெயர், இலவச விநியோகம், படிக்கிறவன் கண்ணில் வலியப் போய் விழவேண்டும் என்ற அவசரம்: கார்ன்பிரெட்டுக்கும் டாக்கிக்கும் இருந்த அத்தனையும் திருவாரூர்ப் பையனிடம் அவர்களுக்கு முன்பே இருந்தன. கூடுதலாக அவரிடம் இருந்தது கட்சி.

1952 அக்டோபரில் ‘பராசக்தி’ வெளியாகி அவர் பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. 1953 மார்ச்சில் மகன் ஸ்டாலின் பிறந்தார். நான்கு மாதக் கைக்குழந்தையை விட்டுவிட்டுத்தான் கல்லக்குடிக்குப் புறப்பட்டார்.

அன்று நடந்ததை விவரமாகச் சொல்ல அதிகம் இல்லை. அதன் பலம் அந்த எளிமையில்தான் இருந்தது. தொண்டர்கள் அணி அணியாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். முதல் அணி கருணாநிதி தலைமையில் நிலையத்துக்குப் போனது. ‘கல்லக்குடி’ என்று எழுதிய தாள்களைப் பெயர்ப் பலகையில் ‘டால்மியாபுரம்’ என்ற எழுத்தின் மேல் ஒட்டினார்கள். பலகையைப் பெயர்க்கவில்லை, உடைக்கவில்லை, தாரும் பூசவில்லை. ஒரு பெயரின் மேல் இன்னொரு பெயர், அவ்வளவுதான். பசை காய்வதற்குள் அடுத்த காரியத்துக்கு இறங்கினார்கள். தண்டவாளத்தில் வரிசையாகப் படுத்தார்கள்.

கைது. பிறகு அடுத்த அணி, அடுத்த கைது. நேரம் ஆக ஆகக் கூட்டம் கட்டுமீறியது. தடியடி, கல்வீச்சு, துப்பாக்கிச் சூடு. கல்லக்குடியில் இரண்டு பேர் இறந்தார்கள். கருணாநிதிக்கு ஆறு மாதச் சிறைவாசம், திருச்சி மத்தியச் சிறையில்.

தலைவர் ரயில் வராத தண்டவாளத்தில் படுத்தார் என்று எதிர்முகாம் செய்த கேலி, அவர் ஐந்து முறை முதலமைச்சராக இருந்து முடித்த பிறகும் ஓயவில்லை. அந்தப் போராட்டத்தில் கைதாகிச் சிறை சென்ற கவிஞர் கண்ணதாசன், கழகத்தை விட்டு விலகிய பின் எழுதிய ‘வனவாசம்’ நூலில் கல்லக்குடியைப் பற்றிக் கசப்போடுதான் பேசினார். உழைப்பு பலருடையது, பெயர் ஒருவருடையது என்ற மனக்குறை அதில் வெளிப்படை. மனக்குறையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அதில் உண்மை இல்லாமல் இல்லை. தாளை ஒட்டிய கைகள் எத்தனையோ. ‘கல்லக்குடி கொண்டான்’ என்ற பட்டம் கிடைத்தது ஒருவருக்கு. பழுவேட்டரையர்களும் ராஜேந்திர சோழனும் ஆண்ட பூமியில், ‘கங்கை கொண்டான்’ என்ற பட்டத்தின் சாயலில் ஒரு ரயில்வே பலகையை ஜெயித்தவருக்குப் பட்டம் சூட்டிய தைரியம் தமிழ் மேடைக்கே உரியது. கங்கைகொண்ட சோழபுரமும் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் நகர முடியவில்லை.

ஒட்டிய தாளை ரயில்வே கிழித்துப் போட்டிருக்கும். பலகை மறுபடி டால்மியாபுரம் ஆனது. ஆனால் தாளில் எழுதிய பெயர் கட்சிக்காரர்கள் வாயில் ஏறி, மேடையில் ஏறி, நாகூர் ஹனீபாவின் குரலில் பாட்டாகவும் ஏறியது. கழகம் 1967-ல் கோட்டையைப் பிடித்தபின் நிலையத்தின் பெயரும் மாறியது. இன்று அதன் பெயர் கல்லக்குடி பழங்காநத்தம். ஆலையும் அங்கேயேதான் இருக்கிறது. ஆலைக் குடியிருப்புக்கு டால்மியாபுரம் என்ற பெயரும் இன்றுவரை வழக்கில் இருக்கிறது. இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் குடித்தனம் நடத்துகின்றன.

கல்லக்குடியில் கட்சி கற்றது ஒரு பாடம். பலகை ரயில்வேயினுடையது, தொட்டால் வழக்கு. ஆனால் ஊரில் சுவர்கள் இருக்கின்றன. டீக்கடைச் சுவர், மண்டிச் சுவர், கட்சிக்காரர் வீட்டுத் திண்ணைச் சுவர். அவற்றில் எழுத யாரைக் கேட்கவேண்டும்?

ஐம்பதுகளின் நடுவில் சுவர் எழுத்து ஒரு தொழில்நுட்பமாகவே வளர்ந்தது. முதலில் சுவரைப் பெருக்கி, கல் சுண்ணாம்பை நீற்றிக் கரைத்து, கொஞ்சம் நீலம் கலந்து இரண்டு பூச்சு. காய்ந்ததும் இருவர் இரு முனையில் நின்று, கரிப்பொடி தடவிய நூலை விறைப்பாகப் பிடித்துச் சுண்டினால் சுவரில் நேர்கோடு விழும். அந்த இரண்டு கோட்டுக்கு நடுவில் எழுத்து நிற்கவேண்டும். கரித்துண்டால் வடிவம் போட்டு, பிறகு வண்ணம். கடையில் வாங்கிய பிரஷ் விலை அதிகம். மட்டையின் நுனியை நசுக்கி நாராக்கினால் அதுவே பட்டைத் தூரிகை. கறுப்புக்கு அடுப்புக்கரியும் விளக்குப்புகையும், சிவப்புக்குக் காவி. உதிராமல் ஒட்ட வஜ்ஜிரப் பசை. தி.மு.க. கொடியின் இரண்டு நிறமும் தமிழ்நாட்டில் கிடைக்கிற மிக மலிவான இரண்டு வண்ணங்கள் என்பது தற்செயலாக இருக்கலாம். ஆனால் சுவர் எழுதுகிறவனுக்கு அது பெரிய சகாயம்.

சின்னத்திலும் அதே அதிர்ஷ்டம். 1957-ல் முதன்முறையாகத் தேர்தலில் நின்ற கழக வேட்பாளர்களில் பலர் உதயசூரியனை வாங்கினார்கள். 1958-ல் மாநிலக் கட்சி அங்கீகாரத்தோடு அது கட்சிச் சின்னமே ஆயிற்று. இரண்டு மலை, நடுவில் அரை வட்டம், சில கதிர்கள். எழுதப் படிக்கத் தெரியாத தொண்டன்கூட ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவான். காங்கிரஸுக்கு அப்போது சின்னம் நுகத்தடியில் பூட்டிய இரட்டைக் காளை. இரண்டு மாட்டை, கொம்பும் திமிலும் காலும் தெரிய, நுகத்தோடு வரைவதற்குக் கைதேர்ந்த ஓவியர் வேண்டும், கூலி வேண்டும். கூலிக்கு வரைகிறவன் ஒரு சுவர் முடிப்பதற்குள் கூலியில்லாதவன் தெருவையே முடித்திருப்பான். அந்த நாள் தேர்தல்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மேடைப் பேச்சையும் சினிமாவையும் சொல்வார்கள். மாடு வரைவதில் உள்ள சிரமத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

சுவருக்குச் சொல்ல ஒரு செய்தியும் வேண்டும் அல்லவா? அந்தச் செய்தி, அரியலூர் இருக்கும் வரை மறக்கமுடியாத விதத்தில் வந்தது.

1956 நவம்பர் 23, விடிவதற்கு முந்தைய இருட்டு. கொட்டும் மழை. சென்னை எழும்பூரிலிருந்து முந்தைய இரவு புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தை நெருங்கியது. வெள்ளம் பாலத்தின் கரையை அரித்திருந்தது. எஞ்சினும் அடுத்தடுத்த பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. அதிகாரபூர்வக் கணக்கில் இறந்தவர்கள் 140-க்கும் மேல். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்தின்போதே ராஜினாமா கொடுத்து, நேரு ஏற்காததால் பதவியில் தொடர்ந்த ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, இந்த முறை விலகியே தீர்ந்தார். பாடப்புத்தகத்தில் அரியலூர் என்ற பெயர் இடம்பெறுவது பெரும்பாலும் இந்த ஒரு வரிக்காகத்தான்.

தமிழ்நாட்டுச் சுவர்களில் சாஸ்திரி வரவில்லை. வந்தவர் ஓ.வி.அழகேசன், செங்கல்பட்டுக்காரர், ரயில்வே துணை அமைச்சர். சில மாதங்களில் பொதுத் தேர்தல். ‘அரியலூர் அழகேசரே, ஆண்டது போதாதா? மாண்டது போதாதா?’ என்ற பொருளில் எதுகை கட்டிய வாசகம் சுவரிலும் சுவரொட்டியிலும் மேடையிலும் பரவியது. பழைய கழகத்தவர்கள் அதை ஆளுக்கொரு பாடமாகச் சொல்வார்கள். ‘ஆண்டது’, ‘மாண்டது’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் எல்லாப் பாடத்திலும் மாறாமல் நிற்கும்.

கலை என்று பார்த்தால் அது கச்சிதம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து படித்து முடிக்கலாம்; படித்தவன் இறங்கும்போது மனப்பாடம் ஆகியிருக்கும்; நூற்றுக்கணக்கானோரின் சாவையும் ஒரு கட்சியின் ஆட்சியையும் ஒற்றை எழுத்து மாற்றத்தில் முடிச்சுப்போட்டுவிடும். நியாயம் என்று பார்த்தால் அவ்வளவு கச்சிதம் இல்லை. ஆற்று வெள்ளத்துக்கு அழகேசன் என்ன செய்வார்? பாலத்தின் கண்காணிப்பைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகள் ஏராளமாக இருந்தன. அவை எதுகைக்கு ஒத்துவரவில்லை. சுவர் எழுத்தின் பலமும் பலவீனமும் அரியலூர் வாசகத்தில் சேர்ந்தே இருக்கின்றன. 1957-ல் அமைந்த மக்களவையில் அழகேசன் இல்லை. 1962-ல்தான் செங்கல்பட்டிலிருந்து திரும்ப வந்தார். தோல்விக்கு அந்த வாசகம்தான் காரணம் என்று சொல்பவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். தொகுதிக்குத் தொகுதி காரணங்கள் பல. கழகம் அந்தத் தேர்தலில் சட்டமன்றத்தில் 15 இடங்கள் பிடித்தது. குளித்தலையில் ஜெயித்துக் கருணாநிதி முதல்முறை சபைக்குள் போனார்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் நடந்தது கவனிக்கத்தக்கது. 1959-ல் தி.மு.க. சென்னை மாநகராட்சியைக் கைப்பற்றியது. அதே 1959-ல்தான், பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுக்கும் எழுத்தையும் சுவரொட்டியையும் தடுக்கிற சட்டம் வந்தது. இன்றுவரை தமிழ்நாட்டில் சுவரில் எழுதுகிறவர்கள் மேல் பாய்வது அதே சட்டம்தான். 1967-ல் ஆட்சிக்கு வந்த கழகம், தன்னை வளர்த்த சுவருக்கு எதிரான அந்தச் சட்டத்தை ரத்து செய்யவில்லை. ஆட்சியில் இருக்கிறவனுக்கு எதிர்க்கட்சியின் சுவர் எப்போதும் அசிங்கமாகத்தான் தெரியும்.

நடுவில் 1964. ஜனவரி 25 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சி ரயில் நிலையத்தின் முன் தீக்குளித்து இறந்தார் சின்னசாமி. பிறந்த ஊர் கீழப்பழுவூர். இன்றைய அரியலூர் மாவட்டம். தார் பூசுவதில் தொடங்கிய போராட்டம் எங்கே போய் முடிந்தது என்று யோசித்தால் கை எழுத மறுக்கிறது. மறு ஆண்டு 1965-ல் மாணவர் போராட்டம் மாநிலத்தையே உலுக்கியபோது சுவர்களில் இருந்த பெயர்களில் அவருடையது முக்கியமானது. இந்தப் பகுதியிலிருந்து தமிழ்நாட்டுச் சுவர்களில் ஏறிய தனிமனிதரின் பெயர் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அது இதுதான். அதை அவர் தன் கையால் எழுதவில்லை.

1967 தேர்தலில் சுவர் முழு மூச்சாகப் பேசியது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதியும், பக்தவத்சலம் அண்ணாச்சியிடம் அரிசி விலை கேட்ட வாசகமும் எழுதப்படாத ஊர் இல்லை. 1962-ல் 50 இடம் வைத்திருந்த கட்சி 137-க்கு வந்தது.

பெரம்பலூருக்கு இந்தக் கதையில் பங்கு வேறு வகை. மாவட்டத் தலைநகராக ஆகி முப்பது ஆண்டுகள் ஆகியும் அந்த நகரத்துக்கு ரயில் கிடையாது. பெயர்ப் பலகையும் இல்லை, தாரும் இல்லை. அதற்குப் பதில் திருச்சி–சென்னை நெடுஞ்சாலை இருக்கிறது. தெற்கேயிருந்து தலைநகருக்குப் போகும் பஸ்ஸும் லாரியும் காரும் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் போகும். சாலையோரச் சுவர் யாருக்கு என்பதில் கட்சிகளுக்குள் போட்டி. தேர்தலுக்கு வெகுகாலம் முன்பே ஒரு கட்சிக்காரர் வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் வருடத்தையும் போட்டு ‘முன்பதிவு’ என்று எழுதிவிடுவார். அதற்குப்பின் அந்தச் சுவரில் மற்றவன் கை வைத்தால் அடிதடி. வீட்டுக்காரரைக் கேட்டார்களா என்றால், பெரும்பாலும் எழுதி முடித்தபின் கேட்டார்கள்.

எழுதியவர்கள் யார்? இங்கேதான் பிலடெல்பியாவும் பெரம்பலூரும் பிரிகின்றன. அங்கே பையனிடம் சொல்ல ஒன்றுமில்லை, பெயர் மட்டும் இருந்தது. அதை எழுதியே சரித்திரத்தில் இடம் பிடித்தான். இங்கே எழுதியவனிடம் சொல்ல ஆயிரம் இருந்தது, பெயர் மட்டும் இல்லை. தேர்தல் இல்லாத மாதங்களில் அதே கைகள் கடைப் பலகை எழுதின, மாட்டு வண்டிக்குப் பூ வரைந்தன, திருவிழாவுக்குத் தட்டி எழுதின. கடைப் பலகையின் கீழ்க்கோடியில் பொடி எழுத்தில் ‘இன்னார் ஆர்ட்ஸ்’ என்று போட்டுக்கொள்ள அனுமதி உண்டு. கட்சிச் சுவரில் அதற்கும் இடமில்லை. அங்கே தலைவர் பெயர், வேட்பாளர் பெயர், செலவு செய்த ஒன்றியச் செயலாளர் பெயர். கல்லக்குடியில் தொடங்கிய ஏற்பாடு இது. சுவர் தொண்டனுடையது, சரித்திரம் தலைவருடையது.

இந்தத் தொழிலை முடித்துவைத்தது சட்டம் பாதி, யந்திரம் பாதி. 2006 சட்டமன்றத் தேர்தலில் தேர்தல் ஆணையம் பழைய 1959 சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, சுவர்களை வெள்ளையடிக்க வைத்தது. அதற்குச் சில வருடம் முன்பே பிளெக்ஸ் வந்திருந்தது. ராத்திரி முழுக்க நூல் அடித்து எழுதியதை அச்சு யந்திரம் அரை மணி நேரத்தில் துப்பியது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து இளம்பெண் ஒருவர் உயிர்விட்ட பிறகு நீதிமன்றம் பிளெக்ஸ் மேலும் பாய்ந்தது. ஆனாலும் மட்டைத் தூரிகை திரும்ப வரவில்லை. சென்னைக் கண்ணகி நகரில் 2020-ல் அடுக்குமாடிச் சுவர்களில் ஆள் உயரத்துக்கும் பல மடங்கு பெரிய முகங்களை வரைந்தவர்கள் புதிய தலைமுறை. அவர்களுக்கு அரசு அனுமதி, பெயின்ட் கம்பெனி ஆதரவு, பத்திரிகைப் பேட்டி எல்லாம் உண்டு. அவர்கள் படத்துக்குக் கீழே பெயர் இருக்கிறது. நல்லதுதான். அதைப் பற்றி அடுத்த வாரம்.

தார் டப்பா மட்டும் ஓய்வு பெறவில்லை. 2025 பிப்ரவரி 23 அன்று பொள்ளாச்சி ரயில் நிலையத்தில் பெயர்ப் பலகையின் இந்தி எழுத்துகள் மேல் தி.மு.க.வினர் கறுப்பு பூசினார்கள். ரயில்வே பாதுகாப்புப் படை வழக்குப் போட்டது. எழுத்து உடனே திரும்ப எழுதப்பட்டது. 1952-ல் நடந்த அதே முறை, அதே வரிசை.

அரியலூர், பெரம்பலூர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் இடிக்காமல் நிற்கும் பழைய மண்டி, அரிசி ஆலை, சாவடிச் சுவர்களில் வெள்ளைப் பூச்சு உரிந்த இடத்தில் காவி எழுத்து தெரிந்தால் படம் எடுத்து வையுங்கள். வீட்டில் கல்யாண ஆல்பம், ஊர்வலப் படம் இருந்தால் அவற்றின் பின்னணிச் சுவரையும் பாருங்கள். எழுதியவர் யாரென்று ஊரில் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, எழுதியவர் சம்மதத்தோடு படத்தின் பின்னால் அந்தப் பெயரையும் எழுதி, ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். இந்தத் தொடரில் வெளியிடுவோம்.

(தொடரும்)